பழைய பெட்ரோல் வண்டி புகைச் சோதனையில் தோற்றால் எங்கே தொடங்குவது?

பெட்ரோல் பங்க் ஓரத்து எமிஷன் டெஸ்ட்டில் ‘சி.ஓ. ஜாஸ்தி சார், டியூன் பண்ணிட்டு வாங்க’ என்று (சி.ஓ. என்றால் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு) திருப்பி அனுப்பினால் பெரும்பாலானோர் நேரே மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போவார்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கலவைத் திருகில் அரைச் சுற்று, மறுபடியும் டெஸ்ட், பாஸ். அடுத்த வாரமே வண்டி சிக்னலில் ஆஃப் ஆகத் தொடங்கும். ஏசி போட்டால் திணறும். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் தோற்கும். கோளாறு ஒரு பக்கம் கிடக்க, இன்னொரு பக்கத்தைத் திருகிச் சீட்டில் வரும் எண்ணை மட்டும் இறக்கியதால் வரும் வினை இது.

கலவையைத் தொடுவது ஏறக்குறைய கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறோம். மாருதி 800, ஜென், அம்பாசிடர், பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டிகளுக்கும், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த முதல் சான்ட்ரோ, மறைமலைநகரில் செய்த ஐகான் போன்ற பழைய எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்திலோ, கதவு மூடிய ஷெட்டிலோ எஞ்சினை ஓடவிட்டு இந்த வேலைகளைச் செய்யாதீர்கள். நாம் தேடிப் போகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொல்லும். திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, பின் சைலன்சரின் புகையைக் காற்று உங்களிடமிருந்து தள்ளிக்கொண்டு போகும்படி வையுங்கள். ரேடியேட்டரில் மின்விசிறி இருந்தால் அது சொல்லாமல் சுழலத் தொடங்கும். கையும் துப்பட்டாவும் தள்ளியே இருக்கட்டும்.

உங்கள் வண்டிக்கு என்ன வரம்பு

வரம்பு வண்டி தயாரான காலத்தைப் பொறுத்தது. சென்னையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு (புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் கருவி) புதுக் கார்கள் வரத் தொடங்கியது 1995 ஏப்ரலில். ஈயம் இல்லாத பெட்ரோலும் அப்போதுதான் வந்தது. பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) என்னும் புகை விதிகளில் 2 இங்கே 2001-இல், 3 என்பது 2005 ஏப்ரலில், 4 என்பது 2010 ஏப்ரலில் வந்தன. ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்.

பி.எஸ்.2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) சி.ஓ. 3 சதவீதம், எச்.சி. (ஹைட்ரோகார்பன்) 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) வரை இருக்கலாம். பி.எஸ்.2, பி.எஸ்.3 வண்டிகளுக்கு 0.5 சதவீதமும் 750 பிபிஎம்மும். பி.எஸ்.4 என்றால் ஐடிலிங்கில் 0.3 சதவீதம், 200 பிபிஎம். அதோடு 2500 ஆர்.பி.எம். சுற்றில் சி.ஓ. 0.2 சதவீதத்துக்குள்ளும் லாம்டா (உள்ளே வரும் காற்று, பெட்ரோல் முழுதும் எரியத் தேவையான காற்றைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) 0.97 முதல் 1.03 வரைக்குள்ளும் இருக்க வேண்டும். பி.எஸ்.4-க்கும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் புகைச் சான்றிதழ் ஓராண்டு செல்லும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம்தான். விதியை மீறினால் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

வரம்புக்குள் இருப்பது வேறு, எஞ்சின் நன்றாக இருப்பது வேறு. கன்வெர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் கார் ஒழுங்காக இருந்தால் சி.ஓ. 1 முதல் 1.5 சதவீதம், எச்.சி. 300 பிபிஎம்முக்குள் நிற்கும். 2.8 என்று சீட்டு வந்தால் சட்டப்படி பாஸ்தான், ஆனால் பெட்ரோல் வீணாகிக்கொண்டிருக்கிறது.

சீட்டைப் படியுங்கள்

பலர் சீட்டில் பாஸா ஃபெயிலா என்று மட்டும் பார்த்து டேஷ்போர்டில் போட்டுவிடுவார்கள். கருவி உண்மையில் நான்கு வாயுக்களை அளக்கிறது: கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.), ஹைட்ரோகார்பன் (எச்.சி.), கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன். பின்னிரண்டுக்கும் சட்ட வரம்பு இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கோளாறைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் அவைதான். திரையில் தெரியும் நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சி.ஓ. என்பது பாதி எரிந்த பெட்ரோல். காற்று போதாமல் போனால்தான் அது உண்டாகும். ஆகவே சி.ஓ. ஏறினால் கலவை ‘ரிச்’, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகம். எச்.சி. என்பது எரியாமலே வெளியே வந்த பெட்ரோல் அல்லது எஞ்சின் ஆயில். எங்கோ ஒரு சிலிண்டரில் நெருப்பு பிடிக்கவில்லை, அல்லது பாதியில் அணைந்துவிட்டது என்று அர்த்தம். கார்பன் டை ஆக்சைடு முழுமையாக எரிந்ததன் அடையாளம். சூடான நல்ல எஞ்சினில் 13 முதல் 15 சதவீதம் இருக்கும். ஆக்சிஜன் மிச்சமான காற்று. கார்புரேட்டர் வண்டியில் 1 அல்லது 2 சதவீதம், கன்வெர்ட்டர் வண்டியில் அரை சதவீதத்துக்கும் கீழே.

இந்த நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சி.ஓ. அதிகம், ஆக்சிஜன் ஏறக்குறைய பூஜ்யம், எச்.சி. சுமார் என்றால் பெட்ரோல் அதிகம் வருகிறது: சோக் (குளிர் எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு), ஃப்ளோட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவை), ஏர் ஃபில்டர், சென்சார் பக்கம் தேட வேண்டும். எச்.சி. அதிகம், சி.ஓ. குறைவு, ஆக்சிஜன் 3, 4 சதவீதம் என்றால் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது. பிளக் பொறி விடாததாலும் வரலாம், பொறி வந்தும் கலவை பிடிக்க முடியாத அளவுக்கு ‘லீன்’, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவு, ஆனதாலும் வரலாம். சி.ஓ., எச்.சி. இரண்டும் அதிகம், ஆக்சிஜனும் அதிகம் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறு இருக்கிறது. ரிச் கலவையோடு ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்கும் சேர்ந்திருக்கும். எச்.சி. மட்டும் அதிகம், கூடவே நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது.

கார்பன் டை ஆக்சைடு 6, 7 சதவீதம், ஆக்சிஜன் 8, 10 சதவீதம் என்று வந்தால் அந்தச் சீட்டை நம்பவே வேண்டாம். சைலன்சரில் ஓட்டை, அல்லது கருவியின் குழாய் சைலன்சருக்குள் போதிய ஆழம் போகவில்லை; வெளிக்காற்று கலந்து ஆக்சிஜன் தவிர மற்ற எண்களைக் குறைத்துக் காட்டுகிறது. உண்மை அளவைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு: சி.ஓ.வை 15-ஆல் பெருக்கி, சி.ஓ.வையும் கார்பன் டை ஆக்சைடையும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். சீட்டில் சி.ஓ. 0.4, கார்பன் டை ஆக்சைடு 6 என்று இருக்கட்டும். 0.4 பெருக்கல் 15, வகுத்தல் 6.4. விடை 0.94. பி.எஸ்.3 வண்டி பாஸ் ஆனதுபோல் தெரிந்தாலும் உண்மையில் வரம்பைப்போல் இரு மடங்கு கக்குகிறது. குழாயைப் பாதி வெளியே இழுத்துப் பாஸ் வாங்குவதும் இதே ஏமாற்றுதான். உள்ளே இருக்கும் கோளாறு கன்வெர்ட்டரைத் தின்றுகொண்டே இருக்கும்.

சோதனைக்கு முன்

குளிர்ந்த வண்டியைக் கொண்டு போய் அளந்தால் எண் தப்பாகத்தான் வரும். குறைந்தது 15 நிமிடம் ஓட்டி, வெப்பமானியின் முள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகே அளக்க வேண்டும். கன்வெர்ட்டர் சுமார் 300 டிகிரி சூட்டுக்கு மேல்தான் வேலை செய்யும். பங்க்கில் வரிசையில் பத்து நிமிடம் ஐடிலிங்கில் நின்றாலே அது ஆறத் தொடங்கும். உங்கள் முறை வருவதற்கு முன் 2500 ஆர்.பி.எம்.மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, பிறகு ஐடிலிங்குக்கு விட்டு அளக்கச் சொல்லுங்கள். ஏசி, ஹெட்லைட் அணைந்திருக்கட்டும். குழாய் 30 செ.மீ. உள்ளே போக வேண்டும்.

முதலில் பொறி

ஏன் இதில் தொடங்க வேண்டும்? மிஸ்ஸிங் இருக்கும் எஞ்சினில் கலவையை வைக்கவே முடியாது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இன்னும் மோசம்: பொறி விடாத சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் வெளியே வரும், புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து ‘கலவை லீன்’ என்று சொல்லும், இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாச் சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டும். ஒரு பழைய பிளக் வயரால் சி.ஓ. ஏறிவிடும்; மெக்கானிக்கோ இன்ஜெக்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

எல்லா பிளக்கையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக அடுக்குங்கள். வெளிர் பழுப்பு நிறம் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் ரிச். கரி எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஆயில் ஏறுகிறது. வெள்ளையாக வெந்து கொப்பளித்திருந்தால் லீன் அல்லது அதிகச் சூடு. நான்கும் ஒரே நிறத்தில் கறுத்திருந்தால் கோளாறு பொதுவான இடத்தில். ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரைத் தனியாகத் தேட வேண்டும். பிளக் இடைவெளி கார்புரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ., எம்.பி.எஃப்.ஐ.யில் 1.0 முதல் 1.1 மி.மீ. உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்ணே முடிவானது.

பிளக் வயரை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். கார்பன் இழை வயரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 10 முதல் 20 கிலோ ஓம் காட்டும். ஒன்று மட்டும் தனித்து அதிகமாகக் காட்டினாலோ, ஒன்றுமே காட்டாவிட்டாலோ செட்டாக மாற்றுங்கள். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிகளில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்குள் பித்தளை முனைகள் பச்சைப் பாசி போல் பூத்திருக்கும். உப்புக்காற்றின் வேலை அது. மெல்லிய கரிக்கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் கேப் விரிசல் விட்டிருக்கிறது, துடைத்துப் பயனில்லை. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்கள் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைப் பனிபோல் தெளித்தால் மின்சாரம் கசியும் இடம் நீலமாகப் பளிச்சிடும். மழைக்காலத்தில் மட்டும் திணறும் வண்டிகளுக்கு இந்த ஒரு சோதனையே போதும்.

பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை) வைத்த அம்பாசிடர், பத்மினியில் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. அதைச் சரிசெய்த பிறகே டைமிங் லைட் (பொறி விடும் நேரத்தைக் காட்டும் விளக்கு) பிடிக்க வேண்டும். பாயிண்ட் மாறினால் டைமிங்கும் மாறும். தேவைக்கு மேல் அட்வான்ஸ் வைத்தால், அதாவது பொறியை முன்கூட்டியே விடவைத்தால், எச்.சி. ஏறும்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது பழைய முறை. நிறுத்தியும் சத்தம் மாறாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர். எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் வயரைச் சும்மா இழுத்துத் தொங்கவிடாதீர்கள். ஒரு பழைய பிளக்கில் மாட்டி எஞ்சின் உடலோடு தொட்டிருக்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் காயிலும் மாட்யூலும் போய்விடும். கன்வெர்ட்டர் இருந்தால் பிளக் வயரைத் தொடாமல் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அதன் தேன்கூடு உருகிவிடும்.

காற்று எங்கே திருட்டுத்தனமாக நுழைகிறது

எஞ்சினுக்குள் போகும் பக்கத்தில் கசிவு, வெளியே வரும் பக்கத்தில் கசிவு என்று இரண்டு உண்டு. இரண்டும் எண்ணை நேரெதிர் திசைகளில் இழுக்கக்கூடும்.

உள்ளே போகும் பக்கம்: கார்புரேட்டரின் அடி கேஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்டு (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஓஸ், வெடித்துப்போன சின்ன வேக்கம் ட்யூப்கள். இங்கே வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகி, முனையில் பிளந்துவிடும். கார்புரேட்டர் வண்டியில் இந்தக் கசிவு கலவையை லீனாக்கி எச்.சி.யை ஏற்றும். வேக்கம் கேஜை (எஞ்சின் உறிஞ்சும் வேகத்தை அளக்கும் மீட்டர்) மேனிஃபோல்டில் மாட்டுங்கள். கடல்மட்டத்தில் இருக்கும் சென்னையில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும், முள் ஆடாமல் நிற்கும். முள் தாழ்ந்து நிலையாக நின்றால் கசிவு அல்லது டைமிங் பின்தங்கல். ஒரே தாளத்தில் துடித்துத் துடித்துக் கீழே விழுந்தால் ஒரு வால்வோ பிளக்கோ சரியில்லை. கசிவைப் பிடிக்க ஓஸ்களை ஒவ்வொன்றாகக் கொறடால் நெரித்துப் பாருங்கள். எதை நெரிக்கும்போது ஐடிலிங் மாறுகிறதோ அந்தப் பக்கம் தேடுங்கள். கார்ப் கிளீனரைச் சூடான மேனிஃபோல்டு மேல் அடித்துக் கண்டுபிடிப்பார்கள். தீப்பிடிக்கும், தொடக்கக்காரர்களுக்கு அது வேண்டாம்.

வெளியே வரும் பக்கம்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்) கேஸ்கெட்டில் சிறு ஓட்டை இருந்தால் குளிர் எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், சுற்றிலும் கரி படிந்திருக்கும். புகைக்குழாயில் அழுத்தம் அலையலையாக இருப்பதால், அந்த ஓட்டை புகையை வெளியே விடுவதோடு காற்றை உள்ளேயும் உறிஞ்சும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இது நடந்தால் சென்சார் லீன் என்று பொய் சொல்லும், இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும், சி.ஓ. ஏறும். சென்சாரை மாற்றியும் எண் இறங்கவில்லை என்று வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்

நம் ஊரில் பரவலாக இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘சென்னை வெயிலுக்கு வால்வு எதுக்கு சார்’ என்று சொல்லி, வண்டி ஒரு முறை சூடானவுடன் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு எஞ்சின் தன் வேலைச் சூட்டை அடையவே அடையாது. அண்ணா சாலை நெரிசலில் நிற்கும்போது முள் ஏறினாலும், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடும்போது 60 டிகிரியிலேயே நிற்கும். இ.சி.யு. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணி எப்போதும் கூடுதல் பெட்ரோல் விடும். கார்புரேட்டர் வண்டியில் ஆட்டோ சோக் முழுதாகத் திறக்காது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும், ரிங்கும் போரும் தேயும். ஒரு சிறு உதிரிபாகத்தை எடுத்ததற்கு எஞ்சினே விலை கொடுக்கிறது.

இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஓஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துச் சோதிக்கலாம். அதன் மேல் பொறித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். வண்டி உண்மையிலேயே சூடானால் காரணம் அடைபட்ட ரேடியேட்டர், வேலை செய்யாத விசிறி, போன வாட்டர் பம்ப் இவற்றில்தான் இருக்கும், அதைச் சரிசெய்யுங்கள்.

கூடவே எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கூலன்ட் சென்சாரையும் பாருங்கள். பல வண்டிகளில் 30 டிகிரியில் சுமார் 2 கிலோ ஓமும் 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். சூடான பிறகும் ஆயிரக்கணக்கில் காட்டினால் சென்சார் போய்விட்டது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் தண்ணீரில் நின்ற வண்டியென்றால் சென்சாரைக் குற்றம் சொல்லும் முன் கனெக்டரைக் கழற்றிப் பச்சைப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயிலும் சாட்சி சொல்லும்

டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை பலமாக அடித்தாலோ, அளவு தானாக ஏறியிருந்தாலோ ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. அந்த ஆவி பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் வழி) வழியாக மறுபடி எஞ்சினுக்குள்ளேயே போய் எரியும். எமிஷன் கருவி மாட்டியிருக்கும்போது டேப்பெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு வரும் பிரீதர் ஓஸைக் கழற்றி, ஏர் கிளீனர் பக்கத் துளையை அடைத்துவிடுங்கள். சி.ஓ. சட்டென்று இறங்கினால் ஆயிலை மாற்றிய பிறகுதான் மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும். கலவைத் திருகைத் திருப்பி இறக்கும் பல எண்கள் ஒரு ஆயில் சேஞ்சில் இறங்கக்கூடியவை. இந்த ஆவியை உள்ளே அனுப்பும் பி.சி.வி. வால்வு இருந்தால் கழற்றி ஆட்டுங்கள், உள்ளே ‘கட கட’ என்று ஆட வேண்டும்.

இப்போதுதான் பெட்ரோல்: கார்புரேட்டர்

ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்து அளந்து பாருங்கள். சி.ஓ. கணிசமாக இறங்கினால் மாற்ற வேண்டியது ஃபில்டர்தான். எஞ்சின் சூடான பிறகு சோக் தகடு நேராக நிமிர்ந்து முழுதாகத் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் சோக் வண்டிகளில் கேபிள் பாதியில் சிக்கிக்கொள்வது சகஜம். பிறகு ஃப்ளோட். நீடில் வால்வின் முனையில் வளையம்போல் தேய்மானம் விழுந்திருந்தால் பெட்ரோல் நிற்காமல் கசிந்து அளவு ஏறும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே திரவம் அலம்பும் சத்தம் கேட்கிறதா? ஓட்டை விழுந்திருக்கிறது. கார்புரேட்டரின் ஏர் ஜெட் (காற்று வரும் சிறு துளை) அடைத்தாலும் ரிச் ஆகும். அடைப்பு என்றாலே லீன் என்று நினைக்க வேண்டாம். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றழுத்தமும் போதும்.

பெட்ரோல் பற்றி ஒன்று. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், தானாகத் திருத்திக்கொள்ளத் தெரியாத கார்புரேட்டரில் கலவை முன்பைவிட லீன் ஆகும். எனவே கார்புரேட்டர் வண்டியில் சி.ஓ. அதிகம் என்றால் பெட்ரோலைக் குறை சொல்ல வழியே இல்லை. உண்மையான கோளாறு சீட்டிலுள்ள எண் காட்டுவதைவிடப் பெரிது. சி.ஓ. அரை சதவீதத்துக்கும் கீழே, எச்.சி. மட்டும் அதிகம் என்றால் எத்தனாலின் பங்கு இருக்கலாம். பழைய ரப்பர் ஓஸ்களையும் டயஃப்ரம்களையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். வாரக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் ஈரம் சேர்ந்து தண்ணீர் அடியில் பிரியவும் கூடும்.

இவ்வளவும் சரியென்றால் திருகைத் தொடலாம். எஞ்சின் சூடாக இருக்க, ஐடிலிங்கை 850 ஆர்.பி.எம். அளவுக்கு வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கலவைத் திருகை மெதுவாக முழுதும் உள்ளே விட்டு எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். இறுக்கினால் கூர்முனை நசுங்கிவிடும், பிறகு எப்போதும் சரிப்படாது. இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சுற்று கால் சுற்றாக நகர்த்தி எஞ்சின் வேகம் உச்சத்தை அடையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து வேகம் 30, 40 ஆர்.பி.எம். குறையும் வரை லீன் பக்கம் திருப்புங்கள். ஐடிலிங்கை மறுபடி 850-க்குக் கொண்டு வந்து, இன்னொரு முறை இதையே செய்யுங்கள். கருவி மாட்டியிருந்தால் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் அரை நிமிடம் பொறுங்கள், எண் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும்.

எந்தப் பக்கம் லீன்? கார்களில் பெரும்பாலும் உள்ளே திருகினால் லீன். பைக்குகளில் கவனம் வேண்டும்: திருகு கார்புரேட்டரின் எஞ்சின் பக்கத்தில் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், உள்ளே திருகினால் லீன். ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் ரிச். பைக்குக்கு 2000 மார்ச்சுக்குப் பிந்தைய நான்கு ஸ்ட்ரோக் என்றால் வரம்பு 3.5 சதவீதம், 4500 பிபிஎம், பி.எஸ்.4 என்றால் 0.5 சதவீதம், 500 பிபிஎம். டூ ஸ்ட்ரோக் வண்டியில் லிட்டருக்கு 20 மி.லி. டூடி ஆயிலுக்கு மேல் ஊற்றாமல் இருப்பதும், சைலன்சரின் கரியைச் சுத்தம் செய்வதுமே பாதி வேலை.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில்

இங்கே திருகு கிடையாது. இ.சி.யு. ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுத்தான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். மல்டிமீட்டரைச் சென்சார் சிக்னல் வயரில் வைத்து, சூடான எஞ்சினை 2500 ஆர்.பி.எம்.மில் பிடியுங்கள். 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 0.8-இலேயே நின்றால் உண்மையில் ரிச். சென்சார் சரி, வேறிடத்தில் தேடுங்கள். 0.1-இலேயே நின்று சீட்டில் சி.ஓ. அதிகம் என்றால், சென்சார் செத்திருக்கிறது அல்லது மேலே சொன்ன எக்ஸாஸ்ட் கசிவு.

உண்மையான ரிச்சுக்கு வழக்கமான காரணங்கள் மூன்று. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் ட்யூபை உருவுங்கள். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் ட்யூப் பிளந்தால் எஞ்சின் மேல் பெரிய சுமை இருப்பதாக இ.சி.யு. நினைத்துக்கொள்ளும். டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவிலிருந்து வரும் பர்ஜ் ஓஸை நெரித்தவுடன் சி.ஓ. இறங்கினால் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. இவை மூன்றும் சரியாக இருந்தால் ஒழுகும் இன்ஜெக்டரைத் தேடலாம். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய மேனிஃபோல்டும் ஏர் கிளீனர் டப்பாவும் தாராளமாக வாங்கலாம். ஆக்சிஜன் சென்சாரை மட்டும் பழையது வாங்காதீர்கள், அதன் மிச்ச ஆயுள் யாருக்கும் தெரியாது.

எஞ்சினே தேய்ந்திருந்தால்

டேப்பெட் (வால்வு) இடைவெளியைச் சரிசெய்த பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். 10 பாருக்கு மேல் இருந்து, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 1 பாருக்குள் இருந்தால் நல்லது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இந்த நிலைக்கு எந்தத் திருகும் எந்த பாட்டில் மருந்தும் உதவாது.

கன்வெர்ட்டர் கடைசியில்

கன்வெர்ட்டர் தானாகச் சாவது அரிது. மிஸ்ஸிங், ரிச் கலவை, ஆயில் இவற்றில் ஒன்று அதைக் கொல்கிறது. காரணத்தைத் தீர்க்காமல் புதிது போட்டால் சில மாதத்தில் அதுவும் போகும். ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே கூழாங்கல்போல் சத்தம் வந்தால் தேன்கூடு நொறுங்கியிருக்கிறது. வண்டி வேகம் எடுக்க மறுத்தால் அடைப்பு இருக்கலாம்: முன் ஆக்சிஜன் சென்சாரின் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி 2500 ஆர்.பி.எம்.மில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் அடைத்துக்கொண்டது. சத்தமும் அடைப்பும் இல்லை, மேலே சொன்ன எல்லாம் சரி, மூன்று நிமிடம் 2500-இல் பிடித்தும் சி.ஓ. 0.5 முதல் 1 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் கன்வெர்ட்டர் செத்துவிட்டது. எஞ்சினிலிருந்து நேரே வரும் அளவு அதுதான். அதை வெட்டிவிட்டு வெறும் குழாய் வைத்தால் பி.எஸ்.2, 3 வரம்பை எட்டுவது மிகக் கடினம், பி.எஸ்.4 நடக்கவே நடக்காது.

வேலை முடிந்ததும் உடனே பங்க்குக்கு ஓடாதீர்கள். கரி படிந்த பிளக்கும் குழாயும் சுத்தமாக, 20, 30 கிலோமீட்டர் ஓ.எம்.ஆர். போன்ற திறந்த ரோட்டில் டாப் கியரில் ஓட்டுங்கள். முதலில் தோற்ற அதே பங்க்கிலேயே, அதே கருவியிலேயே அளந்தால்தான் இரண்டு சீட்டையும் ஒப்பிட முடியும். நான்கு எண்களோடு கிலோமீட்டர் ரீடிங்கையும், என்னென்ன மாற்றினீர்கள் என்பதையும் சீட்டின் பின்புறம் எழுதி ஆர்.சி. கவரில் வையுங்கள்.